என் வீட்டுக்காரர் கட்டிய கழிப்பறை

பக்கவாதம் வந்து படுத்தவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், கை வர வேண்டும், கால் வர வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன். யார் தோளையும் பிடிக்காமல் கக்கூசுக்குப் போய்வர வேண்டும், உள்ளே இருக்கிறவரை தனியாக இருக்க வேண்டும், அது போதும் என்றிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது என் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்திருக்காது. வலது கை, வலது கால், பேச்சில் பாதி, மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. தெருவிலேயே வாயாடி என்று பேரெடுத்தவள் நான். என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டு, ஒரு நர்ஸ் பெண் குழந்தைக்குச் சொல்வதுபோல "ஆ காட்டுங்கம்மா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆத்திரத்தைக் காட்டத்தான் வாய் இல்லை.

எங்கள் வீடு சிங்காநல்லூரில். கழிப்பறை வீட்டின் பின்பக்கம், இரண்டு படி ஏறிப் போக வேண்டும். குத்தவைத்து உட்காருகிற பழைய மாதிரி. வீட்டுக்கு அனுப்புவதற்குச் சில நாள் முன்னால் டாக்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, படி இருக்கக் கூடாது, உட்காருகிற கோப்பை வைக்க வேண்டும், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கைப்பிடி வேண்டும் என்று சொன்னார். இவர் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் வந்து, "நீ ஊட்டுக்கு வாரதுக்குள்ள நானே செஞ்சுபோடறேன் அம்மணி, ஒண்ணும் ரோசன பண்ணாத" என்றார். நானே என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் வேண்டாம் என்று தலையை ஆட்டப் பார்த்தேன்.

இது எங்கள் ஊர் வியாதி. பாதி ஊர் மோட்டார் செய்கிறது, மீதி ஊர் அதற்கு உதிரி செய்கிறது. குழாய் ஒழுகுகிறது என்று வெளி ஆளைக் கூப்பிட்டவன் பட்டறையில் தலைகாட்ட முடியாது, ஒரு வாரத்துக்கு ஓட்டித் தள்ளிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் காலமெல்லாம் பம்புசெட் பட்டறையில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் சாகவும் விடப்பட்டதில்லை, நிம்மதியாக வாழவும் விடப்பட்டதில்லை. அவர் சரிசெய்த மிக்ஸி ஓடும், ஆனால் மூடியை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அவர் போட்ட சுவிட்சில் விளக்கைப் போட்டால் பக்கத்து அறை ஃபேன் சுற்றும். நான் கத்துவேன். அவர் ஸ்குரூ டிரைவரோடு சிரித்துக்கொண்டே வருவார். இப்படியே ஓடிய குடித்தனம் எங்களுடையது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இரண்டு பேர் தாங்கிப் பிடித்து என்னை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பின்கதவு வழியாகப் பார்த்தேன். படிகளைக் காணோம். தரையைக் காணோம். பழைய கோப்பை இருந்த இடத்தில் ஒரு குழி, அதைச் சுற்றிச் செங்கல்லும் அழுக்குத் தண்ணீரும். குழிக்கு நடுவே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர். "ரெண்டு நாள்ல முடிஞ்சுரும்" என்றார். அட கெரகமே என்று நினைத்தேன்.

பின்னறையில், நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அதற்குக் கீழே ஒரு வாளியும் வைத்தார்கள். மறைப்புக்கு என் பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டார்கள். மகள் கைக்குழந்தையோடு பெங்களூரில் இருக்கிறாள், கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள வெள்ளகோவிலிலிருந்து நங்கையா வந்தார். நங்கையா என்றால் எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கும் அவருக்கும் பல வருஷமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் என் தம்பியை உட்கார வைத்துவிட்டு அவரைக் கூப்பிட மறந்தேன் என்பதில் ஆரம்பித்தது. அந்த அம்மாதான் இப்போது என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, எல்லாம் ஆனபிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனார். முகத்தில் ஒரு சுளிப்பு இருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. கூசிப்போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழும்போது வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது என்று கண்ணாடியில் பார்த்து, அதற்கும் சேர்த்து அழுதேன்.

அதற்கப்புறம் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். உள்ளே போனால்தானே வெளியே வர வேண்டும்? சொம்பை வாயருகே கொண்டுபோய் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவேன். நங்கையா கண்டுபிடித்துவிட்டார். "ஏங்கண்ணு, தண்ணியில்லாம கெடந்து சாகலாமுன்னு பாக்கறயா? நானென்ன ஊரான் ஊட்டுக்காரியா?" என்று சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு சொம்பு முழுக்கக் குடிக்கவைத்தார். குடித்தேன். குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடி அந்த நாற்காலி. அவர் நல்லவராக இருந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் என்றது நாலு நாளாகி, வாரமாகி, அப்புறம் கணக்கே இல்லாமல் போயிற்று. முதலில் கழிவுக் குழாயைச் சுவரை ஒட்டிப் பதித்துவிட்டார். கோப்பையை அதன்மேல் வைத்தால் பின்னால் தண்ணீர்த் தொட்டி சுவரில் இடித்தது. மறுபடி உடைத்தார். அப்புறம் தரையின் வாட்டம். ஊற்றின தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் வாசலுக்கு வந்தது. அதையும் உடைத்தார். காலையில் சம்மட்டிச் சத்தம் ஆரம்பித்தால் பொழுதோடத்தான் நிற்கும். என் தலைக்குள்ளேயே அடிப்பதுபோல் இருக்கும். பார்க்க வந்த ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள்தான், பழத்தையும் பிஸ்கட்டையும் என் காலடியில் வைத்துவிட்டு நேரே பின்பக்கம் போய்க் குழியைச் சுற்றி நின்றுகொள்வார்கள். ஒருவர், "ஏனுங்க, கோப்பை வடக்க பாத்தாப்புல இருக்கோணுமுங்க" என்பார். இன்னொருவர் சனி மூலைக்கு ஒரு விளக்கம் சொல்வார். வியாதிக்காரி நானா, அந்தக் குழியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நங்கையா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டே விட்டார். "ஏண்டா தம்பி, ஒரு கொத்தனாரக் கூப்புட்டா சித்த நாள்ல முடிச்சுப்போட்டுப் போறான். அந்தப் புள்ள படற பாடு உனக்குத் தெரியலையா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எவனோ வந்து எப்படியோ கட்டிப்போட்டுப் போவானுங்க அக்கா. நாளைக்கு உழுந்து கெடக்கப் போறது இவதானுங்க. இவ எப்படி உக்காருவா, எப்படி எந்திரிப்பான்னு அவனுக்குத் தெரியுமா?"

இவருக்கு மட்டும் தெரியுமா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டாரா? கேட்க மாட்டார். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் பெண்டாட்டியிடம் அதையெல்லாம் பேசுவதில்லை, நாங்களும் பேசவிடுவதில்லை. கக்கூஸ் என்ற சொல்லையே அவர் என் முன்னால் சொல்லமாட்டார். "உள்ள போறதுக்கு" என்பார், "அந்தப் பக்கம்" என்பார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் உள்ளே போவதை அவர் பார்க்காத மாதிரியும், அவர் போவதை நான் பார்க்காத மாதிரியுமே இருந்துவிட்டோம். அதனால் அளவெல்லாம் தன் உடம்பை வைத்தே எடுத்தார். டேப்பைப் பிடித்துக்கொண்டு கோப்பைக்கு முன்னால் நின்று, இந்தக் கை இங்கே, அந்தக் கை அங்கே என்று தனக்குள் முணுமுணுப்பதைப் பின்கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒருவழியாக முடிந்தது. வழுக்காத தரை, படிக்குப் பதில் சரிவு, வெள்ளைக் கோப்பை. கைப்பிடி மட்டும் கடையில் வாங்கவில்லை. கடைச் சாமானெல்லாம் தகரம் என்று சொல்லி, பட்டறையிலிருந்து கனமான இரும்புக் குழாய் கொண்டுவந்து, வளைத்து வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து மாட்டியிருந்தார். "ஆனையக் கட்டலாம் இதுல" என்றார். நங்கையா என்னை மெல்ல நடத்திக்கொண்டுபோய்த் திருப்பி உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். பிடிக்கலாம் என்று பார்த்தேன். கைப்பிடி என் வலது பக்கம் பளபளவென்று நின்றது. என் வலது கை அதற்குப் பக்கத்தில் செத்த பாம்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மனுசன் நின்றபடி அளந்திருக்கிறார். கோப்பையைப் பார்த்து நின்றால் அது இடது பக்கம். உட்காருகிறவள் திரும்பித்தானே உட்கார வேண்டும்?

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. கோணல் வாயை வைத்துக்கொண்டு சிரித்தேன். நங்கையாவுக்கும் புரிந்து அவரும் சிரித்துவிட்டார். வெளியே நின்றவர், "என்னாச்சுங்க அக்கா? நல்லாருக்குதாமா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? கட்டிலுக்குத் திரும்பி வந்தபிறகு, இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டி, "ஏனுங்க... இந்தக் கை..." என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். முகம் அப்படியே இருண்டுபோயிற்று. எழுந்துபோய் அன்றைக்கே அதைக் கழற்றினார். வலது பக்கத்தில் இருந்தது வீட்டின் வெளிச்சுவர், நல்ல கனம். இடது பக்கம் இருந்தது, பழைய சாமான் போட ஒரு சின்ன அறை வேண்டுமென்று பின்னால் எழுப்பின ஒல்லித் தடுப்புச் சுவர். அதில் மாட்டினார். குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். குழாய் அசையவில்லை. அவருக்கு அது போதும்.

நங்கையா ஊருக்குக் கிளம்பினார். போகிறபோது என் தலையைத் தடவி, "இன்னி நீயே போயிக்குவ கண்ணு" என்றார். பஸ் ஏற்றிவிட்டு இவர் திரும்பி வருவதற்குள் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, சரிவில் ஏறி, உள்ளே போனேன். நானாகப் போனேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தேடினேன். இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. கழற்றி எடுத்திருந்தார்.

வந்ததும் கேட்டேன். "நீ உள்ள உழுந்து கெடந்தா நான் எப்படி வாரது?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. வியாதிக்குப் பிறகு நான் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். "தாழ்ப்பாள் போடுங்க. இல்லாட்டி நான் இன்னிமேல் சோறு திங்க மாட்டேன். கதவத் தொறந்து போட்டுட்டு உக்கார நானென்ன மாடா?" பேச்சு வந்துவிட்டதே என்று அவருக்குச் சந்தோஷம், நான் கேட்பது பிடிக்காத வருத்தம். இரண்டும் முகத்தில் ஒன்றாகத் தெரிந்தன. ஒருநாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். நானும் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போய்வந்து தாழ்ப்பாள் மாட்டினார். என் இடது கைக்கு எட்டுகிற உயரம். எண்ணெய் போட்டு, ஒற்றை விரலால் தள்ளினால் ஓடுகிற மாதிரி. சட்டத்தின்மேல் பித்தளைத் தகடு ஒன்றைக்கூட அழகுக்கு வைத்திருந்தார்.

டக்கென்று அது போய் நிற்கிற சத்தம் இருக்கிறதே, அதைப்போல ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. அவசரம் இல்லாதபோதும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னை நிமிர்த்தவில்லை, துடைக்கவில்லை, பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்து அழுதேன், திட்டினேன், சாமியைக்கூடத் திட்டினேன். பேச்சுப் பழகியதே அதற்குள்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவேன். வீட்டுக்காரர் எப்போது பார்த்தாலும் பக்கத்திலேயே ஏதாவது நோண்டிக்கொண்டிருப்பார், குழாய்க்கு வாசர் மாற்றுவார், வாளிக்குப் பிடி போடுவார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒருநாள் காலை. எழுந்திருக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். இழுத்த இழுப்பில் அது என்னோடு வந்துவிட்டது. குழாய் ஒரு மயிரிழைகூட வளையவில்லை. சுவர்தான் டைல்ஸோடும் காரையோடும் பேர்த்துக்கொண்டு வந்தது. இரும்போடவே வாழ்ந்த மனுசன் இரும்பைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறார். அது நிற்கிற சுவரைப் பற்றி யோசிக்கவில்லை. கோப்பைக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து விழுந்தேன், குழாய் மடியில். எங்கே அடிபட்டது என்று பார்க்கவில்லை. நைட்டி இடுப்புக்கு மேலே கிடந்தது. அதை இழுத்துவிட வேண்டும் என்றுதான் முதலில் பதறினேன். நல்ல கை எனக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

நான் கூப்பிடக்கூட இல்லை. தாழ் போட்ட கதவு அப்படியே திறந்தது.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, சுவரைத் தடவி, கோப்பையைத் தடவி, என் தலையைத் தொட்டார். தொட்டதும் நைட்டியின் விளிம்பைத் தேடிக் கீழே இழுத்துவிட்டார். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. "கண்ணத் தொறங்க! என்ற காலை மிதிச்சுப்போடாதீங்க!" என்று கத்தினேன். திறந்தார். தூக்கினார்.

கட்டிலில் உட்கார வைத்து அடிபட்ட இடமெல்லாம் பார்த்து முடிந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. "நான் தாழ் போட்டிருந்தேனே. எப்படி வந்தீங்க?"

மருந்து எடுத்து வருகிறேன் என்று எழுந்தார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். தாழ்ப்பாளின் நாக்கைப் பட்டறையில் வைத்து அறுத்து, அரம் போட்டு மழுக்கியிருக்கிறார். தள்ளினால் ஓடும், சத்தம் வரும், ஆனால் சட்டத்துக்குள் போகாது. அந்த இடைவெளி என் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கத்தான் பித்தளைத் தகடு. இத்தனை நாள் நான் அழுததும் திட்டியதும் இழுத்தால் திறக்கிற கதவுக்குப் பின்னால்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என்னை ஏமாத்திப்போட்டீங்களே! தொறந்து பாத்தீங்களா? சொல்லுங்க, பாத்தீங்களா?"

"சாமி சத்தியமா இல்ல கண்ணு. வெளிய நின்னுட்டிருப்பேன், அவ்வளவுதான்" என்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்கு வாதம் வந்த அன்னைக்கு நான் மேல தண்ணித் தொட்டிக்கிட்ட இருந்தேன். அடுப்படியில பாத்திரம் உழுந்த சத்தம் கேட்டுச்சு. நீதான் கோவத்துல எறியறேன்னு நெனச்சுப்போட்டு, இருந்த வேலைய முடிச்சுட்டு மெதுவா எறங்கி வந்தேன். டாக்டரு, முன்னாடியே கொண்டாந்திருந்தா கை தப்பியிருக்கும்னாரு. நானொருத்தன் கேட்டுட்டே நின்னிருக்கறேன்..." அதற்குமேல் அவரால் முடியவில்லை. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் அடங்கவில்லை. இதைக்கூட என்னிடம் சொல்லாமல் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாரே என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

"நெசமான தாழ்ப்பாள் போடுங்க" என்றேன்.

போட்டார். தடுப்புச் சுவரைத் துளைத்து, அந்தப் பக்கம் ஒரு இரும்புப் பலகை வைத்து, போல்ட் போட்டு முடுக்கிக் கைப்பிடியை மாட்டினார். பழைய தாழைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடையில் வாங்கிய புதுசைப் பொருத்தினார். அதன் நாக்கு சட்டத்துக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று எனக்கு முன்னாலேயே ஓட்டிக் காட்டினார். பென்சிலை விட்டு ஓட்டையின் ஆழத்தையும் காட்டினார். "இன்னி யாராலயும் தொறக்க முடியாது. என்னாலயும் முடியாது" என்றார்.

உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். விரலைத் தாழ்ப்பாள்மேல் வைத்தேன். கோப்பைக்குப் பக்கத்தில் நான் விழுந்துகிடந்த இடம் தெரிந்தது. என்னாலயும் முடியாது என்று அவர் சொன்னதுதான் காதில் நின்றது. பயமாக இருந்தது. எனக்காகப் பயந்தேனா, வெளியே நிற்கிற அவருக்காகப் பயந்தேனா, தெரியவில்லை. தள்ளாமலே விரலை எடுத்துவிட்டேன்.

வெளியிலிருந்து, "போட்டுட்டியா அம்மணி?" என்றார்.

"போட்டுட்டனுங்க" என்றேன்.